பழத்தைப் பிழியும் முன்
பசறைக் கல்வி வலயத்துப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சிற்றுண்டிச்சாலை நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்



நமுனுகுல மலையைச் சூழ்ந்த தோட்டங்களிலும், பசறையிலிருந்து மடூல்சீமைக்கும் லுணுகலைக்கும் செல்லும் பாதைகளை ஒட்டிய கிராமங்களிலும், லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு துண்டு நிலத்தில்கூட ஒரு கொய்யாவோ, வாழையோ, பப்பாசியோ, வேலியில் படர்ந்த பஷன்புரூட் கொடியோ இருப்பது வழமை. மலையிறங்கிச் சென்றால் ஊவாவின் மறுபக்கத்தில் பிபிலைத் தோடம்பழம் விளைகிறது. இவ்வளவு பழம் கிடைக்கும் பிரதேசத்தில், பழத்திலுள்ள சீனியைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகள் அருகருகே நிலவுகின்றன. பழத்தில் இருப்பது இயற்கைச் சீனி என்பதால் அதை எந்த வடிவில் கொடுத்தாலும் நன்மையே என்று எண்ணிப் பிள்ளைக்கும் நோயாளிக்கும் சாறாகப் பிழிந்து கொடுப்போர் ஒருபுறம் இருக்கின்றனர். சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொல்லப்பட்ட நாளிலிருந்து முற்றத்துக் கொய்யாவைக்கூடத் தொட அஞ்சுவோர் மறுபுறம் இருக்கின்றனர். எதிரெதிராகத் தோன்றினாலும் இவ்விரு நம்பிக்கைகளும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. பழத்தில் எவ்வளவு சீனி இருக்கிறது, அது எவ்வகைச் சீனி என்று கேட்கும் இரு சாராரும், அந்தச் சீனி எந்த உருவத்தில் உடலுக்குள் நுழைகிறது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் தந்திருக்கும் விடைகளை, அவற்றின் வரம்புகளையும் மறைக்காமல், பிள்ளைகளின் உணவைத் தீர்மானிக்கும் கைகளில் சேர்ப்பதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது.

பழத்தின் இனிப்பு பெரும்பாலும் மூன்று வெல்லங்களால் ஆனது. குளுக்கோசு, பிரக்ரோசு ஆகிய இரண்டும் தனித்தனி எளிய வெல்லங்கள். அவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது சுக்குரோசு, அதாவது கடையில் நிறுத்து வாங்கும் அதே சீனி. சிறுகுடலின் சுவரிலுள்ள நொதியம் ஒன்று சுக்குரோசை மீண்டும் இரண்டாகப் பிரித்துவிடுவதால், உறிஞ்சப்படும் வேளையில் எஞ்சுபவை குளுக்கோசும் பிரக்ரோசும் மட்டுமே. இவற்றுள் குளுக்கோசு சோடியத்தின் உந்துதலோடு விரைவாகக் குருதிக்குள் கடத்தப்படுகிறது, பிரக்ரோசோ வேறொரு வாயிலின் வழியாக, மெதுவாகவும் வரையறுக்கப்பட்ட அளவிலும் உள்ளே செல்கிறது. குருதியில் குளுக்கோசு உயரும்போது சதையி என்னும் சுரப்பி இன்சுலின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அந்த ஓமோன் தசைகளையும் கொழுப்பிழையத்தையும் குளுக்கோசை ஏற்கச் செய்து குருதியின் அளவை மீண்டும் தணிக்கிறது. இரசாயன நோக்கில் பார்த்தால் தோடம்பழத்தின் சுக்குரோசுக்கும் தேநீரில் கரையும் சீனிக்கும் வேறுபாடு கிடையாது. ஆகவே பழத்துக்குச் சாதகமாக ஏதேனும் உண்டு என்றால், அது அந்தச் சீனி வைக்கப்பட்டிருக்கும் இடத்தில்தான் தேடப்பட வேண்டும்.

அந்த இடம் பழத்தின் கலம் ஆகும். பழத்தின் சதைப்பகுதி எண்ணற்ற நுண்ணிய கலங்களால் ஆனது, அக்கலங்களின் உள்ளிருக்கும் சாற்றிலேயே வெல்லம் கரைந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் சுற்றிச் செலுலோசாலும் பெக்ரினாலும் ஆன கலச்சுவர் நிற்கிறது. நார்ப்பொருள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தச் சுவர்களே. மனிதரின் சமிபாட்டு நொதியங்களால் இச்சுவர்களைக் கரைக்க முடியாது; பற்கள் சிலவற்றை உடைக்கின்றன, மற்றவை சிறு துண்டுகளாக இரைப்பைக்குள் சென்று, அங்கு கடையப்பட்டு, போதிய அளவு நுண்மையான பின்னரே சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் விடப்படுகின்றன. நீர்மத்துக்கு இந்தக் காத்திருப்பு மிகக் குறைவு. அத்துடன், கரையும் தன்மையுடைய பெக்ரின் நீரோடு சேர்ந்து கூழ்போலத் தடிப்பதால், கலத்திலிருந்து வெளியேறிவிட்ட வெல்லமும் குடற்சுவரை அடையச் சற்றுத் தாமதமாகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தோர் அறிந்த ஒரு செய்தி இதை விளக்கப் போதுமானது: ஒரே கொழுந்திலிருந்து வந்த தேயிலையாயினும் டஸ்ட் என்று சலித்தெடுக்கப்படும் தூள் கொதிநீரில் உடனே சாயத்தை இறக்கிவிடுகிறது, பெரிய இலைத் தேயிலை தன் சாயத்தை மெல்ல மெல்லவே விடுகிறது.

இந்தத் தர்க்கத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் மிகவும் புகழ்பெற்றது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹேபர், ஹீட்டன் முதலியோர் நடத்தி 1977 ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வாகும். நோயற்ற 10 பேருக்கு வெவ்வேறு நாட்களில் முழு அப்பிளும், அப்பிளை மசித்த கூழும், வடித்தெடுத்த சாறும் கொடுக்கப்பட்டன. மூன்றிலும் உடலுக்குக் கிடைக்கும் காபோவைதரேற்று 60 கிராம் என ஒரே அளவாக வைக்கப்பட்டது. முழுப்பழத்தைத் தின்பதைவிட 11 மடங்கு விரைவாகச் சாற்றைக் குடித்து முடிக்க முடிந்தது, கூழை உண்பதோடு ஒப்பிட்டாலும் சாறு 4 மடங்கு விரைவாக உட்சென்றது. வயிறு நிறைந்த உணர்வு முழுப்பழத்தில் மிகுதியாகவும், கூழில் அதனினும் குறைவாகவும், சாற்றில் மிகக் குறைவாகவும் இருந்தது. இதுவரை எதிர்பார்த்ததே நடந்தது எனலாம். குருதியில் கண்டதுதான் கூர்ந்து படிக்கத்தக்கது. பலரும் நினைப்பதுபோல் சாற்றைக் குடித்தவர்களின் குளுக்கோசு மற்றவர்களைவிட மிக உயரத்துக்கு எழும்பவில்லை, மூன்று உணவுகளுக்கும் அது ஏறத்தாழ ஒரே உச்சத்தையே தொட்டது. ஆனால் அந்த உச்சத்தைக் கட்டுப்படுத்துவதற்குச் சாறும் கூழும் முழுப்பழத்தைவிட அதிக இன்சுலினை வேண்டின, அதன் விளைவாகச் சாற்றுக்குப் பின் குளுக்கோசு தொடக்க நிலைக்கும் கீழே சரிந்தது. அதாவது சாறு செய்யும் வேலை முதல் அரைமணி நேரத்து ஏற்றத்தில் மட்டும் தெரிவதில்லை. அந்த ஏற்றத்துக்காகச் சதையி செலுத்தும் விலையிலும், அதன்பின் வரும் இறக்கத்திலும், அந்த இறக்கத்தோடு சேர்ந்து வரும் பசியிலும் அது தெரிகிறது. பத்து மணி இடைவேளையில் இனிப்புச் சாறு குடித்த பிள்ளை பதினொன்றரை மணிப் பாடத்தில் சோர்ந்து அமர்ந்திருந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்றாலும், காலை உணவின்றி வந்த பிள்ளையாயின் இந்தக் காரணத்தையும் ஆசிரியர் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

அதே ஆய்வுக்குழுவினர் 1981 ஆம் ஆண்டில் தோடம்பழத்தையும் திராட்சையையும் வைத்து ஆய்வைத் தொடர்ந்தனர். தோடம்பழத்தில் பழைய முடிவே கிடைத்தது: பழத்தைவிடச் சாற்றுக்கு இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. திராட்சையிலோ நிலைமை தலைகீழானது, முழுப்பழத்துக்கே இன்சுலின் அதிகமாக இருந்தது. எனினும் இரு பழங்களிலும் வயிறு நிறைந்த உணர்வைக் கூடுதலாகத் தந்தது முழுப்பழமே. இம்முரண்பாட்டை மறைத்துவிட்டு எழுதுவது எளிது. ஆனால் பழத்துக்குப் பழம் வெல்லத்தின் விகிதமும், நாரின் தன்மையும், அமிலத்தின் அளவும் மாறுகின்றன என்பதையும், ஒரு பழத்தில் கண்டதை எல்லாப் பழங்களுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது என்பதையும் கற்பிப்பது இத்தகைய முரண்பாடுகளே. இவ்வாய்வுகளில் மாறாமல் நிற்பது நிறைவு பற்றிய முடிவாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில் 2009 இல் வெளியான ஆய்வொன்றில், மதிய உணவுக்கு முன் அப்பிள் துண்டுகளை உண்ட 58 பேர், எதையும் உண்ணாத நாளோடு ஒப்பிடுகையில் அவ்வேளையில் சராசரியாக 15 சதவீதம் குறைவான கலோரியையே உட்கொண்டனர். அதே அளவு சக்தியைச் சாறாகக் குடித்தபோது அந்தப் பயன் கிட்டவில்லை, நீக்கப்பட்ட நாரைச் சாற்றில் மீண்டும் கரைத்துக் கொடுத்தும் நிலைமை திருந்தவில்லை. நாரைத் தூளாக வாங்கிக் கலந்துவிட்டால் பழத்தின் பயன் முழுவதும் திரும்பிவிடும் என்று விளம்பரம் செய்யும் பொருள்களைப் பற்றிப் பெற்றோர் கொள்ளவேண்டிய எச்சரிக்கை இதிலேயே அடங்கியிருக்கிறது.

உருவம் என்பது பிழிவதும் மசிப்பதும் மட்டுமன்று. பழுப்பதும் உருவ மாற்றமே. காபோவைதரேற்று கொண்ட உணவொன்று குருதிக் குளுக்கோசை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை, குளுக்கோசையோ வெள்ளைப் பாணையோ 100 என வைத்து ஒப்பிட்டுச் சொல்லும் எண் கிளைசீமிக் சுட்டி எனப்படும். இலங்கையின் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெட்டியாராச்சி, ஏகநாயக்க, வெலிஹிந்த ஆகியோர் நம் சந்தைகளில் குலையாகத் தொங்கும் நான்கு வாழைப்பழ வகைகளை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வெள்ளைப் பாணை 100 எனக் கொண்டால் கோழிக்குட்டும் புளிவாழையான அம்புலும் 61 ஆகவும், ஆனமாலு 67 ஆகவும், சீனி வாழை 69 ஆகவும் அமைந்தன. பெயரிலேயே சீனியைத் தாங்கிய வாழைகூடப் பாணைவிடக் குறைவாகவே குருதியை உயர்த்துகிறது என்னும் இச்செய்தி, காலையில் பாணையும் சீனித் தேநீரையும் தயக்கமின்றி எடுத்துக்கொண்டு வாழைப்பழத்தை மட்டும் விலக்கிவைக்கும் நீரிழிவு நோயாளரின் வீடுகளில் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

வாழைக்காயின் உலர்நிறையில் பெரும்பகுதி மாப்பொருளே. பழுக்கப் பழுக்க அது வெல்லமாக மாறி, முற்றக் கனிந்த பழத்தில் மாப்பொருள் மிகச் சொற்பமாகிவிடுகிறது. காயிலுள்ள மாப்பொருளின் ஒரு பகுதி சிறுகுடலின் நொதியங்களுக்கு இணங்காமல் பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது என்பதை 1986 இல் எங்லிஸ்ட், கம்மிங்ஸ் என்னும் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினர். இவ்வகை மாப்பொருள் சமிபாட்டை எதிர்க்கும் மாப்பொருள் எனப்படுகிறது. நீரிழிவு நோயாளரிடையே 1992 இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், சற்றுக் காய்ப்பதமான வாழைப்பழத்தின் சுட்டி 43 ஆகவும், அதிகம் கனிந்ததன் சுட்டி 74 ஆகவும் காணப்பட்டது. தோல் கறுக்கும்வரை வைத்திருந்து உண்ணும் பழமும், காம்பில் இலேசான பச்சை நிற்கும்போதே உண்ணும் பழமும் ஒரே குலையில் காய்த்தவையாயினும் நோயாளியின் உடலுக்கு அவை ஒரே உணவாகா. பலாவின் கதையும் இதற்கு ஒப்பானது: அவித்த பலாக்காய் மாப்பொருளும் நாரும் நிறைந்த ஒரு வேளை உணவாகிறது, பழுத்த சுளை வெல்லம் மிக்க பழமாகிறது. சோற்றுக்குப் பதிலாகப் பலாக்காய் அவித்து உண்டவர் அதன்பின் பத்துச் சுளைகளையும் உண்டால் அவர் ஒரே மரத்திலிருந்து இரண்டு வெவ்வேறு உணவுகளை உண்டிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

பிரக்ரோசு தனியாக ஆராயத்தக்கது, ஏனெனில் அது குருதிக் குளுக்கோசை நேரடியாக அதிகம் உயர்த்துவதில்லை. ஆகவே குருதிப் பரிசோதனையில் தெரியாத ஒரு சுமையை அது கல்லீரலில் ஏற்றிவிடக்கூடும். சிறுகுடலிலிருந்து புறப்படும் குருதி முதலில் கல்லீரலுக்கே செல்வதால், மிகுதியாக வந்து சேரும் பிரக்ரோசை அவ்வுறுப்பு கொழுப்பாக மாற்றவும் முடியும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து 2018 இல் செய்யப்பட்ட ஆய்வு, சிறு அளவில் வரும் பிரக்ரோசின் பெரும்பகுதியைச் சிறுகுடலே குளுக்கோசாகவும் வேறு பொருள்களாகவும் மாற்றிவிடுகிறது என்றும், ஒரே வேளையில் பெருமளவு வரும்போது குடலின் அந்த ஆற்றல் நிரம்பி மிச்சம் கல்லீரலுக்கும் பெருங்குடலுக்கும் வழிகிறது என்றும், முன்னரே உணவு உண்டிருந்தால் குடலின் அந்தத் தடுப்பாற்றல் கூடுகிறது என்றும் கண்டறிந்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அளவு பிசகாமல் மாற்ற இயலாது. எனினும் மென்று தின்னும் பழம் பிரக்ரோசைச் சிறிது சிறிதாக அனுப்புவதும், வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடிக்கும் சாறு அதை மொத்தமாகக் கொட்டுவதும் குடலுக்கு ஒன்றாக இருக்க முடியாது என்று கருதுவதற்கு அது வலுவான காரணம் தருகிறது.

இவ்விடத்தில் பிளெண்டரில் அடிக்கும் பழத்தைப் பற்றிய ஐயம் எழுவது இயல்பு. பிழிந்து வடிப்பதும் முழுவதையும் அடித்துக் குடிப்பதும் வெவ்வேறு செயல்கள். முன்னதில் நார் குப்பைக் கூடைக்குப் போகிறது, பின்னதில் அது உடைந்த நிலையிலேனும் கோப்பைக்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் அண்மைய ஆண்டுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், பஷன்புரூட் போன்ற விதையுள்ள பழங்களையும் சேர்த்து விதையோடு அரைத்துக் குடித்தபோது, அதே பழங்களை முழுதாக உண்டதைவிடக் குருதிக் குளுக்கோசின் ஏற்றம் குறைவாகவே இருந்தது. மெல்லும்போது உடையாமல் போகும் விதைகள் அரைபட்டு, அவற்றினுள்ளிருந்த நாரும் புரதமும் எண்ணெயும் வெளிப்பட்டதே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். ஊவாவில் இது வெறும் அயல்நாட்டுச் செய்தியாக நின்றுவிட வேண்டியதில்லை: பஷன்புரூட்டின் விதைகளை வடிதட்டில் தேய்த்து எறிந்துவிட்டு மஞ்சள் நீரில் நான்கு கரண்டி சீனி கரைக்கும் பழக்கத்தைவிட, அப்பழத்தை வெட்டிக் கரண்டியால் விதையோடு உண்பதோ, விதையோடு அடித்துச் சீனி சேர்க்காமல் குடிப்பதோ எல்லா வகையிலும் மேலானது. ஆயினும் அடித்த பானத்தில் இரண்டு ஆபத்துகள் எஞ்சியே இருக்கின்றன. ஒருவர் மென்று தின்னக்கூடிய அளவைத் தாண்டிப் பழங்கள் ஒரே கோப்பைக்குள் அடங்கிவிடுகின்றன. கூடவே ஐஸ்கிரீமும் டின்பாலும் சீனியும் சேர்ந்து, பழம் என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின் அடிப்படையும் இந்த உருவ வேறுபாடே. முழுப்பழத்திலும் பாலிலும் உள்ள இயற்கை வெல்லத்துக்கு அது வரம்பு விதிக்கவில்லை. சேர்க்கப்பட்ட சீனியோடு தேன், பாகு, பழச்சாறு, செறிவூட்டிய பழச்சாறு ஆகியவற்றிலுள்ள வெல்லத்தையும் கட்டற்ற சீனி என ஒரே கணக்கில் சேர்த்து, அது நாளொன்றின் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது இன்னும் நல்லது என்றும் கூறுகிறது. நாளுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். 100 கிராம் தோடம்பழத்தில் சுமார் 9 கிராம் வெல்லமும் 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நாரும் உண்டு. சீனியே சேர்க்காத 200 மில்லிலீற்றர் தோடஞ்சாற்றில் சுமார் 17 கிராம் வெல்லம் இருக்க, நார் அரைக் கிராமைத் தொடுவதும் அரிது. அதில் இரண்டு தேக்கரண்டி சீனி விழுந்தால் 25 கிராம் என்ற எல்லை ஒரே கோப்பையில் முடிந்துவிடுகிறது. இலங்கையில் 2016 ஆகஸ்டில் குளிர்பானப் போத்தல்களுக்கு அறிமுகமான நிறக்குறியீட்டின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால், வீட்டில் பிழிந்த தோடஞ்சாறு செம்மஞ்சளிலும், 14 கிராமைத் தாண்டும் திராட்சைச் சாறு சிவப்பிலும் விழும். போத்தலில் வரும் கோடியலைத் தண்ணீரில் கலந்து பழச்சாறு என்று பிள்ளைக்குக் கொடுப்பது சீனிப்பாகையே கொடுப்பதற்குச் சமம்; பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகும் உறவினர் அன்போடு வாங்கிச் செல்லும் பெட்டிச் சாறுகளும் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே நிற்கின்றன.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தோட்டத்துத் தாய் ஒருத்தி பிள்ளையின் உணவைக் குறைக்கத் தொடங்கிவிட்டால் இம்மடல் பெருந்தீங்கு செய்ததாகிவிடும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த இலங்கைப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் 17.3 சதவீதமாக இருக்க, தோட்டத்துறையில் அது 31.7 சதவீதமாக இருந்தது. மூவரில் ஒருவருக்கு நெருங்கிய அந்தக் கணக்கின் முன்னால், கொழுப்பும் பருமனும் பற்றி நகரத்துச் சஞ்சிகைகள் பேசும் பேச்சை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனால் சாறு பற்றிய எச்சரிக்கை அந்தப் பிள்ளைக்கே இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது: சிறிய வயிற்றில் இனிப்பு நீர் நிரம்பிவிட்டால் முட்டைக்கும் பருப்புக்கும் சோற்றுக்கும் இடமில்லாது போகிறது, பல் முளைக்கும் வயதிலேயே சொத்தையும் தொடங்குகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017 இல், ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பழச்சாறே வேண்டாம் என்றும், ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு ஏறத்தாழ 120 மில்லிலீற்றரே உச்ச அளவு என்றும் அறிவுறுத்தியது. சிறாரைப் பராமரிக்கும் தோட்டப் பிள்ளைக் காம்பராக்களில் போத்தலில் சாறு ஊற்றி உறிஞ்சக் கொடுப்பதைவிட, கனிந்த பப்பாசியையோ வாழைப்பழத்தையோ கையால் மசித்து ஊட்டுவதே அவ்வயதுக்கு ஏற்ற உருவமாகும். பல்லில்லாத வாய்க்கு மசித்த பழம் பொருந்துவதும், பள்ளி செல்லும் வாய்க்கு முழுப்பழம் பொருந்துவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

கொய்யாவைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்வது தகும், ஏனெனில் விலையில்லாமல் கிடைப்பதாலேயே அது மதிப்பிழந்து கிடக்கிறது. 100 கிராம் கொய்யாவில் தோடம்பழத்துக்கு நிகரான வெல்லமே இருந்தாலும் நார் 5 கிராமைத் தாண்டுகிறது, விற்றமின் சீ 200 மில்லிகிராமுக்கும் மேற்பட்டது, அதாவது தோடம்பழத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதற்கு விற்றமின் சீ துணைசெய்கிறது, சாயத்தண்ணியோ அதைத் தடுக்கிறது. இரத்தச்சோகை பரவலாகக் காணப்படும் ஒரு சமூகத்தில், சாப்பிட்டு முடித்தவுடன் தேநீர் அருந்தும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, அந்த இடத்தில் அரைக் கொய்யாவையோ இரண்டு தோடஞ்சுளைகளையோ வைப்பது செலவில்லாத மருத்துவம். இந்த ஒரு விடயத்தில் சாறும் பயனற்றதன்று, விற்றமின் சீ அதிலும் உண்டு. ஆனால் முழுப்பழம் அதே பயனை நாரோடும் நிறைவோடும் சேர்த்துத் தருகிறது.

நீரிழிவு கண்டவர்களின் வீடுகளுக்கும் சில சொற்கள் உரியன. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் திரட்டப்பட்ட தரவுகள் இலங்கையின் வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டின. 2018, 2019 இல் நடந்த இன்னொரு நாடளாவிய ஆய்வு அதை 23 சதவீதம் என மதிப்பிட்டது. இரு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்லவாயினும் போக்கு எத்திசையில் என்பதில் ஐயமில்லை. இந்நோயாளரிடம் பழம் உண்ணாதீர்கள் என்று சொல்வது, உடலை இயக்காதீர்கள் என்று சொல்வதற்கு ஒப்பான பிழையாகும். அமெரிக்காவின் 187,382 சுகாதாரத்துறைப் பணியாளர்களை நீண்டகாலம் தொடர்ந்து 2013 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், திராட்சை, அப்பிள், புளூபெரி போன்ற முழுப்பழங்களை அதிகம் உண்டோருக்கு நீரிழிவு ஏற்படும் வாய்ப்புக் குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தோருக்கு அவ்வாய்ப்புக் கூடுதலாகவும் காணப்பட்டது. அவதானிப்பு ஆய்வு என்பதால் சாறே நோயை உண்டாக்கியது என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது. பழத்தை மெல்லுவோர் வேறு பல நற்பழக்கங்களும் உடையோராக இருக்கலாம். ஆயினும் குடலில் நடப்பதாக ஆய்வுகூடம் காட்டிய செய்தியும் இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதரின் வாழ்வு காட்டிய செய்தியும் ஒரே திசையில் நிற்கும்போது அதைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகாது. ஒரு வேளைக்கு ஒரு சிறு வாழைப்பழம், அல்லது ஒரு கொய்யா, அல்லது ஒரு கீற்றுப் பப்பாசி என அளவோடு, உணவோடு சேர்த்தோ உணவை அடுத்தோ, மென்று உண்பது பெரும்பாலான நோயாளருக்குப் பொருந்தும்; சிறுநீரக நோயும் சேர்ந்திருப்போர் மட்டும் பழங்களிலுள்ள பொற்றாசியத்தை முன்னிட்டு வைத்தியரிடம் கேட்டே உண்ண வேண்டும்.

சிற்றுண்டிச்சாலை நடத்துவோரிடம் வேண்டுவது பெரிய மாற்றமன்று. வெட்டிய பழம் அன்றே விற்றாக வேண்டும், பானம் நாட்கணக்கில் நிற்கும் என்ற அவர்களுடைய வணிகக் கவலை உண்மையானது, அதைப் பொருட்படுத்தாத அறிவுரைக்குப் பயனில்லை. ஆகவே வெட்டத் தேவையில்லாத வாழைப்பழமும் கொய்யாவும் முதலில் மேசைக்கு வரட்டும், பப்பாசியும் அன்னாசியும் அதிபரும் பெற்றோரும் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லும் நாட்களில் வெட்டப்படட்டும், அந்தப் பழங்களைப் பெற்றோரின் தோட்டங்களிலிருந்தே விலைகொடுத்து வாங்கும் ஏற்பாட்டைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் செய்யட்டும். விளையாட்டுப் போட்டி நாட்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தோடம்பழத் துண்டுகளைக் கோடியலாக மாற்றாமல் துண்டுகளாகவே வைத்திருப்பது அத்தகைய ஏற்பாட்டுக்கு நல்ல தொடக்கமாகும். ஆசிரியரோ விஞ்ஞானப் பாடத்தில் நொதியத்தையும் கலச்சுவரையும் கற்பிக்கும் நாளில் ஒரு தோடம்பழத்தைப் பிழிந்து, வடிதட்டில் தங்கியதையும் கோப்பையில் விழுந்ததையும் அருகருகே வைத்துக் காட்டினால் போதும்.

சாறு தேவைப்படும் ஓர் இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலின் ஏற்றுவோருக்கும், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்போருக்கும், உணவு தவறினாலோ வெயிலில் கடினமாக உழைத்தாலோ குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் தடுமாற்றமும் தோன்றலாம். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரொட்டியைத் தின்னாமல் மலைக்கு ஓடிய கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இது நேர்வது எளிது. அந்நேரத்தில் வேண்டியது விரைவே, அந்த விரைவு சாற்றிடம் உண்டு. 15 கிராம் அளவு வெல்லம், அதாவது அரைக் கோப்பைப் பழச்சாறு அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த நீர், உடனே கொடுக்கப்பட வேண்டும். 15 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் அதே அளவு மீண்டும் கொடுக்கப்பட வேண்டும். தெளிந்த பின் ரொட்டியோ சோறோ உண்ணச் செய்ய வேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இதற்காகவே சீனிப் போத்தல் ஒன்று இருப்பதை உறுதிசெய்வதும், நினைவிழந்து கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தாமதமின்றி வாகனத்துக்கு ஆளனுப்ப வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பதும், இம்மடலைப் படிப்போர் இந்த வாரத்திலேயே செய்யக்கூடியவை.